மேஸ்திரியின் மண்ணீரல்

மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே இரண்டு பெண்களும் அதற்குத் தோதாக நடந்துகொண்டார்கள். மாடிப்படியில் அது நின்று மூச்சு வாங்கினால், தங்களுக்கும் மூச்சு வாங்குவது போலப் பாவனை செய்தார்கள். வழுக்கும் தரையில் பழைய கோணியை வெட்டி விரித்தார்கள். காது மந்தமாகிவிட்டதால் ஒரு முறை கூப்பிட்ட இடத்தில் மூன்று முறை கூப்பிட்டார்கள். ஏன் என்று ஒருத்தி மற்றவளைக் கேட்கவில்லை.

மேஸ்திரி ஒரு நாய். செம்பட்டை நிறம், அகல மார்பு, மூக்கைச் சுற்றி மாவில் முகத்தை விட்டது மாதிரி நரை. என்ன ஜாதி என்று யாராவது கேட்டால், "எல்லா ஜாதியிலயும் கொஞ்சம் கொஞ்சம்" என்பார் அதைக் கொண்டுவந்த மனிதர். யார் எந்த வேலையில் இறங்கினாலும் எதிரே போய் உட்கார்ந்து, முடியும்வரை கண்கொட்டாமல் பார்ப்பது அதன் பழக்கம். பாத்திரம் தேய்த்தாலும் பார்க்கும், பல்பு மாற்றினாலும் பார்க்கும். "தொழிற்சாலைல ஒரு மேஸ்திரி என்னை நாள் பூரா திட்டறான். நான் திட்டறதுக்கு வீட்டுல ஒரு மேஸ்திரி இருக்கட்டும்" என்று அவர்தான் பெயர் வைத்தார்.

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் மிஞ்சியது மூன்று பேர்: அவர் மனைவி, அவர் தங்கை, அவர் நாய். தங்கைக்குச் சின்னு என்று கூப்பிடு பெயர். பெயர்தான் சின்னு, வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் இளவயதிலேயே அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். ஒரு டாக்சி ஸ்டாண்டில் தொலைபேசி எடுக்கிற வேலை. நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கப் பதில் சொல்லிவிட்டு வருவதால், வீட்டுக்குள் நுழைந்ததும் வாயைப் பூட்டிச் சாவியை எங்கேயோ போட்டுவிடுவாள்.

அண்ணி வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். காலையில் போனால் நீராவி, சோப்பு வாடை, இயந்திரங்களின் ஓயாத இரைச்சல். ஈரப் படுக்கைவிரிப்புகளை உருளைக்குள் விட்டு, மறுபக்கம் சூடாக வெளியே வருவதை இரண்டு பேராகப் பிடித்து மடிக்க வேண்டும். மூலைக்கு மூலை, மறுபடி மூலைக்கு மூலை. மாலையில் தோள் இரண்டும் தன்னுடையவை இல்லை என்பது போலக் கனக்கும்.

காலையில் நாயை நடத்துவது அண்ணி, மாலையில் சின்னு. இரண்டு பேரும் சேர்ந்து போனதே இல்லை. சண்டை என்று சொல்ல முடியாது, ஒட்டுதல் என்றும் சொல்ல முடியாது. வேறு ஊரில் இருந்த பெரியக்கா தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம், "அங்க உனக்கு யாரு இருக்காங்க? இங்க ஒரு ரூம் சும்மாக் கெடக்கு, வந்துடு" என்பாள். சின்னு எப்போதும் ஒரே பதில் சொல்வாள். "நாய் காலம் முடியட்டுங்க்கா. அப்புறம் வந்துடறேன்."

அண்ணி அடுப்படியில் இருந்து அதைக் கேட்டிருக்கிறாள். நியாயம்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் தடுப்பூசி போடக் கூட்டிப்போனபோதுதான் பேச்சு ஆரம்பித்தது. கால்நடை டாக்டர் பருத்த மனிதர். எப்போதும் ஏதோ ஒரு மெட்டை மூக்குக்குள் முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வார். மேஸ்திரியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார்.

"பெரியவர் ஆயிட்டீங்களே" என்றார் நாயிடம். பிறகு அண்ணியிடம் திரும்பினார். "இந்த வயசுல வருஷத்துக்கு ஒரு தடவ முழுசாப் பாத்துடறது நல்லதும்மா. இதுங்க வாய் விட்டுச் சொல்லாது. நமக்குத் தெரியற மாதிரி ஆகறப்போ பாதி தூரம் போயிருக்கும்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணி சொன்னாள்.

"ஊசி போட்டாச்சு. டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு."

"என்ன?"

"வயசான நாய்க்கெல்லாம் ரத்தம், மூத்திரம், பிரஷர், வயித்துல ஸ்கேன் எல்லாம் பாத்துடணுமாம். எனக்கு வியாழக்கிழமை லீவு. வரேன்னு சொல்லிட்டேன்."

சின்னு ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள். "அதுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எதுக்கு?"

"ஒண்ணும் ஆகாம இருக்கறப்பவே பாக்கறதுதானாம் அது."

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையாப் போகும் அண்ணி. நல்லாத் தின்னுது, நல்லாத் தூங்குது. அதோட ஒடம்பத் தோண்டிப் பாத்து என்ன எடுக்கப்போறீங்க?"

"தோண்டல. பாக்கறதுதான்."

"அண்ணனையும் தொழிற்சாலைல இப்படித்தான் வரிசைல நிக்க வெச்சு ரத்தம் எடுத்தாங்க. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாமத்தான் வேலைக்குப் போனாரு. ஒரு வாரத்துல வேற ஆளா வந்து நின்னாரு." அவள் குரல் உயரவில்லை. டாக்சி ஸ்டாண்டில் கோபக்காரர்களைக் கையாண்டு பழகிய குரல் அது, உயரத் தெரியாது. "முன்னாடியே தெரிஞ்சு என்ன ஆச்சு? சாகறவரைக்கும் பயந்துக்கிட்டே இருந்தாரு. அவ்வளவுதான் ஆச்சு."

அண்ணிக்குச் சொல்வதற்கு இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில், அந்தத் தோளோடு, ஒரு வழக்கை ஆரம்பித்து நடத்த அவளுக்குத் தெம்பில்லை. எழுந்து தட்டுகளைக் கழுவப் போனாள். மேஸ்திரி கூடவே போய் உட்கார்ந்து, கழுவுவதைப் பார்த்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் வேலை மூத்திரம் பிடிப்பது. டாக்டர் ஒரு குப்பி கொடுத்திருந்தார். அண்ணி நீளக் காம்புக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். மேஸ்திரி வழக்கமான கம்பத்தடியில் காலைத் தூக்கியது. கரண்டி நீண்டது. நாய் கரண்டியைப் பார்த்தது, அண்ணியைப் பார்த்தது, காலை இறக்கிவிட்டது. அடுத்த கம்பம். அங்கும் அதே கதை. இந்த வீட்டில் எத்தனையோ வேலைகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை என்பது போல அது உட்கார்ந்துவிட்டது.

கீழ்வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா, விடிஞ்சும் விடியாம நாய் பின்னாடி கரண்டியோட?"

"மூத்திரம் வேணுங்க."

"அதுக்கா மேஸ்திரியப் போய்த் தொந்தரவு பண்றீங்க? கேட்டா நான் தரமாட்டேனா?"

"டாக்டர் நாயோடதுதான் கேட்டிருக்காரு. உங்களுத எடுத்துட்டுப் போனா எனக்கு வேற ஊசி போட்டு அனுப்பிடுவாரு."

கண்டக்டர் நுரையோடு சிரித்தார். மேலே பால்கனியில் நின்றிருந்த சின்னு சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் தலையிடப் போவதில்லை என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று இறங்கி வந்து கரண்டியைப் பிடுங்கினாள்.

"எதிர்ல போய் நின்னா எப்படிப் போகும்? உங்க முன்னாடி ஒருத்தர் கரண்டியோட நின்னா நீங்க போவீங்களா? பின்னால வந்து, வானத்தப் பாக்கற மாதிரி நிக்கணும்."

வானத்தைப் பார்த்தாள். கரண்டி நிறைந்தது.

"இது சமையல் கரண்டிதான?" என்று கேட்டாள்.

"இந்த நிமிஷத்துலருந்து இல்ல" என்றாள் அண்ணி.

இறங்கி வந்தவள் திரும்பி ஏறவில்லை. ஸ்டாண்டில் இருந்து ஒரு டாக்சியை வரச் சொல்லி, முன்சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவளும் வந்தாள்.

டாக்டர் ரத்தம் எடுத்தார். முன்னங்காலில் குழந்தைகளுக்குக் கட்டுவது போன்ற சின்னப் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். இதயத்தைக் கேட்டார். "எஞ்சின் நல்லா இருக்கு" என்றார். பிறகு வயிற்று மயிரை மழித்து, பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார். அண்ணி தலைப்பக்கம் பிடித்துக்கொண்டாள், சின்னு கால் பக்கம். திரையில் சாம்பல் நிறத்தில் மழை பெய்வது மாதிரி ஏதோ ஓடியது. டாக்டர் மூக்குக்குள் மெட்டு போட்டுக்கொண்டே கருவியை நகர்த்தினார். கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் ஒன்று, சிறுநீரகம் இரண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மெட்டு நின்றது.

ஆஸ்பத்திரிக்காரர்களின் பேச்சு நிற்கும் தினுசு அண்ணிக்குப் பழக்கம். டாக்டர் கருவியை அதே இடத்தில் அழுத்தி, சாய்த்து, மறுபடி அழுத்தினார். "ஒரு நிமிஷம்" என்றார். அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பசையைத் துடைத்துவிட்டு, நாயைக் கீழே இறக்கிய பிறகுதான் பேசினார். "மண்ணீரல்ல ஒரு கட்டி இருக்கும்மா. எலுமிச்சம்பழம் அளவு."

"நல்ல கட்டியா, கெட்ட கட்டியா?" அண்ணி கேட்டாள்.

"வெளிய எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும். ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு. பொய் சொல்ல விரும்பல."

"எடுக்காம விட்டா?"

"சிலது அது பாட்டுக்கு இருக்கும். சிலது ஒரு நாள் வெடிக்கும். உள்ளயே ரத்தம் போயிடும். காலைல ஓடிக்கிட்டிருந்த நாய் சாயங்காலம் இருக்காது. அப்படித்தான் இங்க பாதிப் பேர் தூக்கிட்டு ஓடி வருவாங்க. அப்ப என்னால பெருசா ஒண்ணும் செய்ய முடியாது."

"எடுத்தா தாங்குமா?"

"வயசு ஆயிடுச்சுதான். ஆனா மத்ததெல்லாம் சரியா இருக்கு. தாங்கும்னுதான் நெனைக்கறேன். மண்ணீரல் இல்லாம நாய் இருந்துக்கும்."

மேஸ்திரி அறையின் மூலையில் போய் உட்கார்ந்து, உதவியாளர் பெண் தரையைத் துடைப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றில் மழித்த இடம் இளஞ்சிவப்பாக, பிறந்த குழந்தையின் தோல் மாதிரித் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் காலையிலிருந்து பட்டினி கிடந்த நாய், வேகவைத்த முட்டையும் சோறுமாக ஒரு தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று தட்டைத் தரை முழுக்கத் தள்ளிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. ஒருத்தி படுக்கையறையில் இருந்தாள், மற்றவள் அடுப்படியில்.

அதன்பின் வீட்டில் பேச்சு இன்னும் குறைந்தது. 'நான் அப்பவே சொன்னேன்' என்று சின்னு சொல்லியிருந்தால்கூட அண்ணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அதையும் சொல்லவில்லை. மாலையில் நாயை அழைத்துப் போனாள், வந்தாள், படுத்தாள்.

சலவைக்கூடத்தில் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் கேட்டாள், "நாய்க்கா ஆபரேஷன்? என் மாமியாருக்குப் பண்ணலாமா வேணாமான்னு நாங்க இவ்வளவு யோசிக்கலடி."

"மாமியார் வாயத் தெறந்து சொல்லியிருப்பாங்கல்ல."

"அத ஏன் கேக்கற, இன்னிக்கு வரைக்கும் மூடல."

அண்ணி சிரித்தாள். சிரித்த சூட்டோடு கண் கலங்கியது. நீராவி என்று சொல்லிக்கொண்டாள். தானே வலியப் போய் வாங்கிவந்த வினை இது. அந்தத் திரையைப் பார்க்காமலே இருந்திருந்தால், இந்நேரம் மேஸ்திரி நல்ல நாய். அதே உடம்பு, அதே கட்டி, ஆனாலும் நல்ல நாய். ஒரு காலையில் போன அந்தத் தெரியாமை இனித் திரும்பாது. அவள் சுருக்கத்தை இழுத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள். விரிப்புகளுக்கு முடிவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெத்தையை வெயிலில் போட மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனார்கள். மேஸ்திரி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, மெத்தையைத் தட்டுவதைப் பார்த்தது. சின்னு தட்டுவதை நிறுத்தாமல், வேறு யாரிடமோ சொல்வது போல ஆரம்பித்தாள்.

"நான் டாக்டரப் போய்ப் பாத்தேன்."

"எப்ப?"

"நேத்து, வேலை முடிஞ்சு. ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சு."

"என்ன கேட்ட?"

"அதுக்குத் தெரியுமான்னு கேட்டேன். உள்ள கட்டி இருக்கறது மேஸ்திரிக்குத் தெரியுமான்னு."

அண்ணி கையை நிறுத்தினாள்.

"வலிச்சாத் தெரியும், இப்ப வலி இல்ல, அதனால தெரியாதுன்னாரு. நாளைக்கு ஆபரேஷன்னா இன்னிக்கி அது கொறட்டை விட்டுத் தூங்கும், தூங்காம கெடக்கறது நீங்கதான்னாரு." சின்னு மெத்தையைத் திருப்பிப் போட்டாள். "அண்ணன் தூங்கல அண்ணி. செவுத்துக்கு இந்தப் பக்கந்தான நான். அவரு எழுந்து நடக்கறது எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும்."

"எனக்குக் கேக்காதா? பக்கத்துல படுத்திருந்தது யாரு?"

"நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சேன்."

"அவரும் அப்படித்தான் நெனச்சாரு. நெனச்சுக்கட்டும்னு கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

அண்ணி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள்.

"சின்னு, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த ரத்தம் எடுத்ததுலதான் அவரு நோவு தெரிஞ்சுது. தெரிஞ்சதாலதான் தெனம் நடக்கணும்னு சொன்னாங்க. நடக்கணும்னுதான் இந்தக் குட்டியச் சட்டைக்குள்ள போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. தெரியாமலே இருந்திருந்தா இது நம்ம வீட்டுக்கு வந்திருக்குமா?"

"தனியா நடந்தா யோசனை வருதுன்னு தூக்கிட்டு வந்தாரு. பயந்துபோய்த் தூக்கிட்டு வந்தாரு."

"சரி, பயந்துபோய்த்தான். தூக்கிட்டு வந்தார்ல?"

சின்னு நாயைப் பார்த்தாள். அது, ஏன் வேலை நிற்கிறது என்பது போல இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அது பயப்படாதுன்னா பண்ணிடலாம்" என்றாள் கடைசியில். "பயத்த நாம வெச்சுக்கலாம். அதுக்குக் குடுக்க வேணாம்."

அண்ணிக்கு உடனே நிம்மதி வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவளுக்கு அழுகைதான் வந்தது. "எனக்குத் தெம்பு இல்ல சின்னு" என்றாள். அந்த வார்த்தையை அவள் அந்த வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை. "கட்டுப் பிரிக்கறது, மருந்து குடுக்கறது, எழுப்பறது, தொடைக்கறது. அங்கயும் அதத்தான் தொவைக்கறேன், இங்கயும் அதத்தான் தொவைச்சேன். மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்க என்னால முடியும்னு தோணல."

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நான் பாத்துக்கறேன்."

அண்ணி அதை நம்பவில்லை. அண்ணனின் கடைசி நாட்களில் அந்த அறை வாசலைத் தாண்ட முடியாமல் நிலைப்படியிலேயே நின்றவள் சின்னு. ஆனால் நம்பாததைச் சொல்லவும் தெம்பு வேண்டும். "சரி" என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. மண்ணீரலோடு கட்டியையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மறுநாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் பெரிய பிளாஸ்டிக் கூம்பு, வயிற்றில் நீளத் தையல். படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடோ மாடியில். சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட கனத்த விரிப்பு ஒன்றை அண்ணி கேட்டு வாங்கி வந்திருந்தாள். நாயை நடுவில் படுக்க வைத்து, ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"மெதுவா. உங்க பக்கம் தாழுது அண்ணி."

"என் பக்கந்தான் தலை. தலைதான் கனம்."

"மேஸ்திரின்னா சும்மாவா."

கீழே நின்ற கண்டக்டர் கூம்பைப் பார்த்தார். "என்ன, நாய வாங்கினா ஒலிபெருக்கி இலவசமா?" என்றார். ஆனால் அவரும் செருப்பை உதறிவிட்டு வந்து நடுவில் கை கொடுத்தார்.

சின்னு சொன்னபடி பார்த்துக்கொண்டாள். அதைத்தான் அண்ணியால் நம்ப முடியவில்லை. முதல் நாள் தையலைத் துடைக்கும்போது அவள் கையிலிருந்து பஞ்சு இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாம் தடவை புதுப் பஞ்சை எடுத்தாள். மாத்திரையை முட்டைக்குள் ஒளித்து வைத்தாள். நாய் முட்டையைத் தின்று மாத்திரையைத் துப்பியது. வாயைத் திறந்து அடிநாக்கில் வைத்தாள். கூம்பு இடித்து இடித்து அவள் முழங்கால் இரண்டும் கன்னிப்போயின. நாயை வெளியே கொண்டுபோக இரண்டு ஆள் வேண்டும் என்பதால், காலையும் மாலையும் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். சேர்ந்து இறங்கிய பிறகு பேசாமல் இருக்க முடியுமா? பேச்சு வந்தது. முதலில் நாயின் மலத்தைப் பற்றி, பிறகு டாக்சிக்காரர்களைப் பற்றி, பிறகு சலவைக்கூடத்து மாமியாரைப் பற்றி.

தையல் பிரித்த நாளில் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. டாக்டர் மெட்டுப் போடவில்லை.

"கெட்டதுதாம்மா" என்றார். "ஆனா வெடிக்கறதுக்கு முன்னால எடுத்துட்டோம். அதனால சில மாசம் நல்லா இருக்கும். ஓடும், திங்கும். அதுக்கு மேல நான் வாக்கு குடுக்க முடியாது. மருந்து ஏத்தினா இன்னும் கொஞ்சம் நீளலாம்."

"ஏத்தினா வாந்தி எடுக்குமா?" சின்னு கேட்டாள்.

"எல்லாம் எடுக்காது. சிலது எடுக்கும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேணாம்" என்றாள் அண்ணி. சின்னு தலையாட்டினாள்.

அன்று வீட்டில், என்ன சமைப்பது என்பதைக்கூடச் சின்னு கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். அண்ணியும் கிசுகிசுப்பாகவே பதில் சொன்னாள். சிறிது நேரம் கழித்துத்தான் அண்ணிக்கு உறைத்தது.

"எதுக்கு இப்படிப் பேசறோம்?"

"அது காதுல விழுந்துடப் போகுதுன்னு."

"அது நாய் சின்னு. காதும் கேக்காது."

சின்னு ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அண்ணன் இருந்தபோது அப்படித்தான் இந்த வீட்டில் எல்லோரும் மூலைக்கு மூலை கிசுகிசுத்தார்கள். இருவருக்கும் அது நினைவு வந்தது. அதனால் சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. அண்ணி போய் அவள் முதுகில் கை வைத்தாள்.

டாக்டர் சொன்ன மாதங்களை மேஸ்திரி மதிக்கவில்லை. குளிர் வந்து போன பிறகும் அது இருந்தது. மழித்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்தது. தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார்கள். நாய்க்கு அந்தக் காலம் பொற்காலம். தினமும் பள்ளத்தின் விளிம்பில் போய் உட்கார்ந்து, வெட்டுகிறவர்களைப் பார்க்கும். அவர்களும், "இஞ்சினியர் வந்துட்டாரு, ஒழுங்கா வெட்டுங்கடா" என்று ஒருவரை ஒருவர் விரட்டிக்கொள்வார்கள். சின்னுவும் அண்ணியும் எதிர்வீட்டுச் சுவரோரம் நின்று காத்திருப்பார்கள். கிளம்பு என்று இழுத்தால் வராது. சாயங்காலம் மண்வெட்டியைக் கழுவி வைத்தால்தான் எழுந்திருக்கும்.

பயத்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். யார் முதலில் எழுந்தாலும் முதல் வேலை நாயின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது. உதட்டைத் தூக்கி ஈறு சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது. பார்த்துவிட்டு, இருக்கு என்று கையால் காட்டுவார்கள். அது பாட்டுக்குக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். அண்ணிக்கு லீவு. மேஸ்திரி தண்ணீர் குடிக்க எழுந்தது, இரண்டடி வைத்தது, வாசல் பக்கம் பார்த்துப் படுத்துவிட்டது. அண்ணி உதட்டைத் தூக்கினாள். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

டாக்சி ஸ்டாண்டுக்குக் கூப்பிட்டாள். சின்னுதான் எடுத்தாள். "வணக்கம், டாக்சி. எங்க போகணும்?"

"நான்தான்" என்றாள் அண்ணி.

"வரேன்" என்றாள் சின்னு. வேலைக் குரல் இல்லை அது.

டாக்டரையும் கூடவே ஏற்றிக்கொண்டு வந்தாள். அவர் நனைந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலையசைத்தார். மேஸ்திரியின் தலை அண்ணியின் மடியில் இருந்தது. முதுகோடு முதுகாகச் சின்னு படுத்துக்கொண்டாள், அப்படியே வெறுந்தரையில். வலியில்லாமல் தூங்கவைக்கும் மருந்தை டாக்டர் ஊசியில் ஏற்றினார். நாய் அரைக்கண்ணால் அவர் கையைப் பார்த்தது. அந்த வேலை முடியும்வரை பார்த்தது.

அதன்பின் வீடு பெரிதாகிவிட்டது. அண்ணி வேலைக்குப் போனாள், வந்தாள். கோணியைச் சுருட்டி வெளியே போட யாருக்கும் கை வரவில்லை. ஒரு மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, பரண் மேல் கிடந்த சின்னுவின் பெரிய பை கீழே இறங்கி, கூடத்து நாற்காலியில் இருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். சொன்னது சொன்னபடிதான் நடக்கிறது. போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. ஆனால் சொல்லக் கூடாது என்று தீர்மானித்தாள். ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வதும் ஒரு பாரம்தான். அவள் போதுமான அளவு தூக்கியாயிற்று. நேரே அடுப்படிக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

கூடத்தில் தொலைபேசி அடித்தது. பெரியக்காதான்.

"ஆமாக்கா. ஆச்சு. தூங்கற மாதிரித்தான் போச்சு" என்றாள் சின்னு. "இல்லக்கா, இப்ப வர முடியாது போலருக்கு. அண்ணிக்கு டெஸ்டு இருக்கு. ஆமா, ஆஸ்பத்திரில. ரத்தம் பாப்பாங்க, அப்புறம் ஸ்கேனு. கூட ஒரு ஆள் இருந்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க. எவ்வளவு நாளா? அது எப்படிக்கா சொல்ல முடியும், ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு எழுதுவாங்க. இழுத்துக்கிட்டே போகும்."

அண்ணி கையில் டம்ளரோடு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். சின்னு ரிசீவரை வைத்தாள்.

"எனக்கு ஏது டெஸ்டு?"

"இல்லேன்னா போய் எழுதிக்கிட்டு வாங்க. ஆஸ்பத்திரிலதான வேலை பாக்கறீங்க, அங்க பஞ்சமா?"

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல."

"இருந்துட்டுப் போகட்டும். நானும் எழுதிக்கறேன். ஒரே நாள்ல ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்."

எதிர்த்துப் பேச அண்ணி ஒரு வார்த்தை தேடினாள். நாள் முழுக்க நின்ற கால் கடுத்தது. அந்த வார்த்தை எங்கேயும் கிடைக்கவில்லை. டம்ளரைச் சின்னு கையில் கொடுத்தாள்.

"அப்ப இந்தப் பை?"

"மேல போடணும். எனக்கு எட்டல."

"இறக்கறப்ப எட்டுச்சா?"

"அப்ப கோவத்துல இருந்தேன், எட்டுச்சு."

அண்ணி நாற்காலியைப் பையோடு பரணுக்குக் கீழே தள்ளி, முக்காலியை அதன் பக்கத்தில் போட்டு ஏறினாள். சின்னு கீழே நின்று முக்காலியை ஒரு கையாலும் அண்ணியின் காலை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள். கனமாக இருக்கும் என்று எண்ணி அண்ணி மூச்சை இழுத்து, குனிந்து, இரண்டு கையாலும் பையைத் தூக்கினாள். அது காற்றாக மேலே வந்தது. உள்ளே ஒரு துணிகூட இல்லை.